பழைய டிவிடி பிளேயர், புதிய டிவி: படம் கறுப்பு வெள்ளையில், அதுவும் நடுவில் சின்னப் பெட்டியாக

சனிக்கிழமைப் படம் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் இதுவரை ஒரு குழாய் டிவியோடு குடித்தனம் நடத்திவந்தது. அந்த டிவி கண்ணை மூடிவிட்டது. இப்போது அதன் இடத்தில் அகலமான தட்டை டிவி. பிளேயரோடு வந்த அதே மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிளை இதிலும் சொருகினேன். ஒலி குறையில்லாமல் வருகிறது. படத்தில்தான் கோளாறு.

முதல் கோளாறு, நிறமே இல்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. டிவியின் பின்புறம் மஞ்சளுக்கென்று தனியாக ஒரு துளை கிடையாது. பாதி பச்சை, பாதி மஞ்சள் வளையம் போட்ட ஒன்றுதான் இருக்கிறது. அதில்தான் சொருகியிருக்கிறேன். டிவியில் உள்ளீடு ‘காம்பொனன்ட்’ என்று காட்டுகிறது.

இரண்டாவது, படத்தின் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை. மேலும் கீழும் மட்டும் இருந்தால் அகலத்திரைப் படம் என்று பேசாமல் இருந்துவிடுவேன். இடமும் வலமும் ஏன்? டிவி ரிமோட்டில் அகலப்படுத்தினால் பக்கப் பட்டை போகிறது, ஆனால் நடிக்கிறவர்கள் எல்லாருக்கும் கன்னம் உப்பிவிடுகிறது.

பிளேயரின் செட்டப் மெனுவைத் திறந்து பார்த்தேன். டிவி வடிவம், டிவி முறை, வீடியோ வெளியீடு என்று வரிகள் இருக்கின்றன. ஆனால் அவை மங்கலாக நிற்கின்றன. அம்புக்குறி அவற்றின் மேல் போக மறுக்கிறது. பிளேயர் பழுதாகிவிட்டதா? பின்னால் எச்டிஎம்ஐ துளையும் இருக்கிறது, இதுவரை பயன்படுத்தியதில்லை.

வாயில்லாப்பூச்சி எழுதியது:

இந்தக் காலத்தில் டிவிடி பிளேயரா? எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி பென்டிரைவில் போட்டு டிவியில் சொருகுங்கள். வேலை முடிந்தது.

கம்பி வேலி எழுதியது:

கேட்டது அதுவல்லவே.

சனிக்கிழமை, உங்கள் நிறப் பிரச்சினைக்கு ஒரு பொத்தான் போதும். அந்தப் பச்சை மஞ்சள் துளை இரண்டு வேலை பார்ப்பது. டிவி ரிமோட்டில் உள்ளீட்டை ‘காம்பொனன்ட்’ என்பதிலிருந்து ‘ஏவி’ அல்லது ‘வீடியோ’ என்பதற்கு மாற்றுங்கள். காம்பொனன்ட் முறையில் பச்சைக் கேபிள் ஒளியளவை மட்டும் கொண்டுவரும், நிறம் நீலத்திலும் சிவப்பிலும் தனியாக வரும். டிவி அந்த இரண்டையும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அங்கே ஒன்றும் வரவில்லை என்பதால் நிறமில்லாமல் காட்டுகிறது. இப்போது திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தால், அழுத்தமான நிறம் இருக்க வேண்டிய இடங்களில் நுண்ணிய புள்ளிக்கோலம் தெரியும். உங்கள் நிறம் அதற்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

பெட்டி விவகாரத்தை ஈயப்பற்று ஐயா சொல்வார். அவர் வரட்டும்.

ஈயப்பற்று எழுதியது:

வந்துவிட்டேன். டிவி பழுதுபார்க்கிற மேசையில் காலம் தள்ளியவன் என்பதால், பிளேயர் பழுதாகிவிட்டது என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பத்தில் ஒன்பது பேர் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவது அமைப்பில் இருக்கிற ஒரு வரியைத்தான். தம்பி, உங்கள் பிளேயருக்கு ஒன்றும் இல்லை.

முதலில் அந்த மங்கிய வரிகள். டிஸ்க் ஓடும்போது, அல்லது பாதியில் நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, பெரும்பாலான பிளேயர்கள் படத்தின் அடிப்படையைத் தொட விடுவதில்லை. நிறுத்தும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இடைநிறுத்தம், இன்னொரு முறை அழுத்தினால்தான் முழு நிறுத்தம். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு, தட்டை மூடி, பிறகு செட்டப்புக்குள் போங்கள். வரிகள் உயிர் பெற்றுவிடும்.

இப்போது ‘டிவி வடிவம்’. அங்கே மூன்று தேர்வுகள் இருக்கும்: 4:3 பான் ஸ்கேன், 4:3 லெட்டர்பாக்ஸ், 16:9. அந்த எண்கள் திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்; 4:3 குழாய் டிவி, 16:9 அகல டிவி. உங்கள் பிளேயர் குழாய் டிவியோடு வாழ்ந்த பழக்கத்தில் லெட்டர்பாக்ஸில் நிற்கிறது. 16:9 என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு டிவி ரிமோட்டிலும் படத்தின் அளவை 16:9 என்றே வையுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் கன்னம் உப்பும் அல்லது எல்லாரும் ஒட்டடைக்குச்சியாகத் தெரிவார்கள்.

இது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இதில் இழப்பது கறுப்புப் பட்டையின் அழகை மட்டுமல்ல. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் ஒரு சட்டம், அதாவது ஒரு தனிப் படம், 720க்கு 576 புள்ளிகள். அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் 720க்கு 480. அகலத்திரைப் படமானாலும் சதுர வாக்கிலான படமானாலும் இதே புள்ளிகள்தான். அகலத்திரைப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி இந்தச் சட்டத்துக்குள் அடைத்திருப்பார்கள். அதை விரித்துக் காட்டுவது டிவியின் வேலை. டிவி 4:3 என்று பிளேயர் நம்பிக்கொண்டிருந்தால், விரிப்பதற்குப் பதிலாக உயரத்தைக் குறைத்து, மேலும் கீழும் கறுப்பை நிரப்பி அனுப்பும். 576 வரிகளில் 432தான் படத்துக்கு மிஞ்சும். கால்பங்குப் படத்தைப் பிளேயரே தின்றுவிட்டது. அந்தப் பெட்டியை உங்கள் அகல டிவி வாங்கி, தன் பங்குக்கு இடமும் வலமும் கறுப்பை வைத்தது. நாலு பக்கம் பட்டை வந்த கதை இதுதான். பான் ஸ்கேன் இன்னும் மோசம். பட்டை வராமல் இருக்க, படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டி எறிந்துவிடும். அதனால் பேசுகிறவர் திரைக்கு வெளியே நிற்பார்.

ஒரு எச்சரிக்கை. 16:9 வைத்த பிறகும் சில படங்களில் மேலும் கீழும் மெல்லிய பட்டை இருக்கும். 2.35க்கு 1 என்ற விகிதத்தில் எடுத்த படங்கள் 16:9ஐ விட அகலமானவை. அந்தப் பட்டையை ஒழிக்கிறேன் என்று ‘ஜூம்’ பொத்தானைத் தேடாதீர்கள்.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, படத்தில் வட்டமான பொருள் ஏதாவது வருகிற இடத்தில் நிறுத்துங்கள். சுவர்க் கடிகாரம், நேராகத் தெரியும் வண்டிச் சக்கரம் எதுவானாலும் சரி. அளவுகோலை வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். கண் ஏமாறும், அளவுகோல் ஏமாறாது.

அடுத்து, எச்டிஎம்ஐ துளை இருக்கும்போது மஞ்சள் கேபிளை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? டிஸ்கில் ஒளியளவும் நிறமும் தனித்தனியாக, எண்களாகவே பதிந்திருக்கின்றன. மஞ்சள் கேபிளுக்காகப் பிளேயர் அவற்றை அலையாக மாற்றி, இரண்டையும் ஒன்றாகக் கலந்து, ஒரே கம்பியில் தள்ளுகிறது. பால் முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையின் மேல் ஏறிப் பயணிக்கும். டிவி அதை மறுபடியும் பிரித்து, மறுபடியும் எண்களாக்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பிரிப்பது ஒருபோதும் சுத்தமாக நடக்காது. சிவப்பு எழுத்துகளின் விளிம்பில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகர்வதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்தக் கலப்படத்தின் மிச்சம். எச்டிஎம்ஐ போட்டால் அது அடியோடு மறையும். ஒலியும் அதே கேபிளில் போய்விடும், சிவப்பு வெள்ளையைக் கழற்றிவிடலாம்.

இருட்டறை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இன்னும் குழாய் டிவிதான், பச்சை நீலம் சிவப்பு கேபிளில் இணைத்திருக்கிறோம். யாரோ செட்டப்பில் ‘புரோகிரெசிவ் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதிலிருந்து திரையில் கிழிந்த கோடுகள் மட்டும் ஓடுகின்றன. மெனுவே தெரியாமல் மெனுவை எப்படி மாற்றுவது?

ஈயப்பற்று எழுதியது:

இருட்டறை, உங்கள் டிவி ஒரு விநாடிக்கு 15,625 வரிகள் வரையப் பிறந்தது. புரோகிரெசிவ் என்பது படத்தை அரை அரையாக அல்லாமல் முழுச் சட்டமாக வரைவது, அது 31,250 வரையச் சொல்கிறது. அது என்ன செய்யும், பாவம்.

ரிமோட்டில் ‘பி-ஸ்கேன்’ அல்லது ‘வீடியோ மோட்’ என்று பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டிஸ்க் இல்லாத நிலையில் அதை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெளியீடு ஒன்று மாறும், அவசரப்படாமல் சில விநாடிகள் இடைவெளி விட்டு அழுத்துங்கள். அப்படிப் பொத்தான் இல்லையென்றால் மஞ்சள் கேபிளைச் சொருகிப் பாருங்கள். சில பிளேயர்களில் புரோகிரெசிவ் ஓடும்போதும் மஞ்சளில் படம் வரும், சிலவற்றில் அது அடைபட்டுவிடும். எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் என்றால், வேறு யார் வீட்டு டிவியிலாவது ஒருமுறை இணைத்து மாற்றிக்கொண்டு வரலாம். எதுவும் கைகொடுக்கவில்லையென்றால் கையேட்டில் ‘படம் தெரியவில்லை’ என்ற பக்கத்தைத் திறங்கள். தட்டைத் திறந்துவைத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். அது எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கண்டதையும் அழுத்தாதீர்கள், மொழி மாறிவிட்டால் அது வேறு தலைவலி.

சனிக்கிழமைப் படம் எழுதியது:

ஐயா, கம்பி வேலி, இருவருக்கும் நன்றி. ‘ஏவி’க்கு மாற்றியதும் நிறம் வந்தது. டிஸ்கை எடுத்ததும் மெனு திறந்தது. 16:9 வைத்ததும் பெட்டி போனது. பிறகு எச்டிஎம்ஐ கேபிளும் போட்டுவிட்டேன். எழுத்தோரத்து எறும்புகளைக் காணவில்லை!

ஆனால் இப்போது புதிய கேள்விகள். எச்டிஎம்ஐ தெளிவு என்ற வரியில் 576p, 720p, 1080i, 1080p, ஆட்டோ என்று இருக்கின்றன. எதை வைப்பது? இன்னொன்று, மஞ்சள் கேபிளில் இல்லாத ஒரு வெளிறல் இப்போது இருக்கிறது. இரவுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசினாற்போல் தெரிகிறது.

பிக்சல் பித்தன் எழுதியது:

இதில் என்ன யோசனை? டிவி 1080p என்றால் பிளேயரையும் 1080p வையுங்கள். டிவிடியே எச்டி ஆகிவிடும். கூடவே டிவியில் கூர்மையை முழுதாக ஏற்றிவிடுங்கள்.

ஈயப்பற்று எழுதியது:

பித்தரே, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? டிஸ்கில் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 1080p திரையில் 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. அந்த நாலு பங்கையும் யாரோ ஒருவர் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பத்தான் வேண்டும். நிரப்புவது பிளேயரா, டிவியா என்பதுதான் கேள்வி. டிவிடி எச்டி ஆவதில்லை.

கூர்மையை ஏற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவதற்குப் பெயர் கூர்மை அல்ல. பல டிவிகளில் அந்த எண்ணைக் கணிசமாகக் குறைத்தால்தான் டிஸ்கில் உள்ள படம் வெளியே வரும்.

தம்பி, என் கணிப்பில் இன்றைய டிவியின் சில்லு பழைய பிளேயரின் சில்லை விடப் பெரும்பாலும் கெட்டிக்காரத்தனமானது. அதனால் 576pயில் தொடங்குங்கள். எண் என்பது வரிகளின் கணக்கு; பின்னால் p என்றால் முழுச் சட்டமாக வரும், i என்றால் ஒன்றுவிட்ட வரிகளாக, அரைச் சட்டங்களாக வரும். பிறகு 1080pக்கு மாற்றி அதே காட்சியை மறுபடியும் ஓட்டுங்கள். படத்தின் முடிவில் மேலேறும் பெயர்ப் பட்டியல்தான் நல்ல பரீட்சை. எழுத்துகளின் சாய்கோடுகள் படிக்கட்டாக உடைகிறதா, ஏறும்போது நடுங்குகிறதா என்று பாருங்கள். எதில் அமைதியாக ஏறுகிறதோ அதுவே உங்கள் வீட்டுக்குச் சரி. வித்தியாசமே தெரியவில்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான், ஏதாவது ஒன்றில் விட்டுவிட்டுப் படம் பாருங்கள்.

ஆனால் ஒரு நுணுக்கம். 720p, 1080i, 1080p மூன்றிலும் சட்டம் எப்போதும் 16:9. பழைய 4:3 படம் ஒன்றைப் போட்டால், அதை இழுத்து நிரப்புவதா, பக்கத்தில் பட்டை வைப்பதா என்று பிளேயரே முடிவு செய்துதான் அனுப்பும். அது இழுத்து அனுப்பிவிட்டால் பல டிவிகளில் அளவுப் பொத்தான் அதைத் திருத்தாது. உங்கள் மெனுவில் ‘16:9 வைடு’, ‘16:9 நார்மல்’ என்று இரண்டு இருந்தால் நார்மலை வையுங்கள். 576pயில் இந்தத் தொல்லை குறைவு. வடிவத்தை டிவியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இனி சாம்பல். இது அசல் எச்டிஎம்ஐ நோய். ஒளியளவை எண்ணால் குறிக்கும்போது, வீடியோவில் கறுப்பு என்பது பூஜ்யம் அல்ல, 16. வெள்ளை என்பது 235. கணினிப் படத்தில்தான் 0 முதல் 255 வரை. பிளேயர் 16ஐக் கறுப்பு என்று அனுப்புகிறது, டிவி 0தான் கறுப்பு என்று காத்திருக்கிறது. அதனால் உங்கள் இரவு வெளிறுகிறது. இது தலைகீழாக நடந்தால் கறுப்புச் சட்டையின் மடிப்பெல்லாம் ஒரே மையாக அப்பிக்கொள்ளும். பிளேயரில் எச்டிஎம்ஐ நிறமுறை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) என்று இருந்தால் ஒய்சிபிசிஆர் (ஒளியளவும் நிறமும் தனித்தனி) என்று மாற்றுங்கள். அதில் டிவி வழக்கமாக 16இலிருந்து 235 வரை என்றே எடுத்துக்கொள்ளும். அந்த வரி இல்லையென்றால் டிவியின் பட அமைப்பில் எச்டிஎம்ஐ கறுப்பு அளவு என்று ஒன்று இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்து இதைச் சரிக்கட்ட முயலாதீர்கள். கறுப்பு சரியாவது போல் இருக்கும், கூடவே முகங்களும் இருண்டுவிடும்.

பார்ப்பதற்கு எளிய இடம், கறுப்புத் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒன்றாக வருகிற காட்சி. முடி இழைகளும் சட்டையின் மடிப்பும் தெரிய வேண்டும். ஆனால் மேலும் கீழும் உள்ள பட்டை நல்ல கறுப்பாக இருக்க வேண்டும்.

‘டிவி முறை’யையும் பார்த்துவிடுங்கள். மல்டி அல்லது ஆட்டோ என்று இருக்கட்டும். என்டிஎஸ்சி என்று கட்டாயப்படுத்தினால், பால் டிஸ்கின் 576 வரிகளை 480 ஆக்கி, விநாடிக்கு 50 அரைச் சட்டங்கள் என்பதை 60 ஆக்கி அனுப்பும். கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் ஒரு தடுமாற்றம் தெரியும். அந்த டிஸ்குக்கு அது தேவையில்லாத தண்டனை.

கம்பி வேலி எழுதியது:

ஒரு சின்ன இணைப்பு. எச்டிஎம்ஐயை நடுவில் ஏதாவது பிரிப்பான் வழியாகக் கொண்டுபோனால் சில வேளை திரை கறுப்பாகிவிடும். நகல் தடுப்புக்கான கைகுலுக்கல் நடுவில் அறுந்துபோவதுதான் காரணம். முதலில் நேராக இணைத்துப் பாருங்கள். அதே நகல் தடுப்பினால்தான் பல பிளேயர்களில் காம்பொனன்ட் கேபிளில் 720p, 1080p கிடைப்பதில்லை. 576pக்கு மேல் வரவில்லையே என்று யாரும் தேட வேண்டாம்.

இருட்டறை எழுதியது:

ரிமோட்டின் கீழ் ஓரத்தில், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு பொத்தான் இருந்தது. அதுதான் பி-ஸ்கேன். படம் வந்துவிட்டது. ஐயாவுக்கு நன்றி.

சனிக்கிழமைப் படம் எழுதியது:

ஒய்சிபிசிஆர் வைத்ததும் இரவு இரவாகிவிட்டது. பெயர்ப் பட்டியல் 576pயில்தான் அமைதியாக ஏறுகிறது, ஐயா சொன்ன கணிப்பே சரி.

கடைசியாக ஒன்று. வீட்டு நிகழ்ச்சிகளைக் கேமராவில் எடுத்துப் பதிந்த டிஸ்குகள் சில இருக்கின்றன. அவற்றில் யாராவது கையை வீசினால், கையின் ஓரம் சீப்புப் பல் போலப் பிரிகிறது. திரைப்பட டிஸ்குகளில் இப்படி இல்லை. பதிவே கெட்டுவிட்டதா?

ஈயப்பற்று எழுதியது:

பதிவு கெடவில்லை. அந்தக் கேமரா விநாடிக்கு 50 அரைச் சட்டங்களை எடுத்திருக்கிறது: ஒற்றை வரிகள் ஒரு நேரம், இரட்டை வரிகள் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து. அதற்குள் கை நகர்ந்துவிட்டது. இரண்டையும் அப்படியே கோத்தால் சீப்புத்தான். திரைப்படத்தில் இரண்டு பாதியும் ஒரே கணத்தில் எடுத்த ஒரே படத்திலிருந்து வருவதால் கோக்கும்போது பொருந்திவிடுகிறது. 576p என்று வைத்ததும் கோக்கிற வேலை உங்கள் பிளேயரின் கைக்குப் போய்விட்டது. அது எல்லா டிஸ்கையும் திரைப்படம் என்று எண்ணிக்கொள்கிறது.

செட்டப்பில் புரோகிரெசிவ் முறை என்ற பெயரில் ஆட்டோ, ஃபிலிம், வீடியோ என்று இருந்தால், இந்த டிஸ்குகளுக்கு ‘வீடியோ’ வையுங்கள். எச்டிஎம்ஐயில் 576i கிடைக்கிறது என்றால் இன்னும் நல்லது, கோக்கிற வேலை டிவிக்கே போய்விடும். இரண்டும் இல்லையென்றால் 1080iக்கு மாற்றிப் பாருங்கள், சில பிளேயர்கள் அதில் ஒழுங்காக நடந்துகொள்ளும். மஞ்சள் கேபிளையும் கைவசம் வைத்திருங்கள், அதில் எப்போதும் 576iதான் போகும்.

பார்த்து முடித்ததும் மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்பிவிடுங்கள். ‘வீடியோ’விலேயே விட்டுவிட்டுத் திரைப்படம் பார்த்தால் மெல்லிய கோடுகளெல்லாம் மழுங்கும், அப்புறம் மறுபடியும் இங்கே வந்து பிளேயர் பழுது என்பீர்கள்.